அரியணையும் சாயலும்

ராஜா ராணிப் படங்களில் சரித்திரம் இல்லை என்று சொல்வது சுலபம். சொல்லியும் ஆயிற்று. அட்டைக் கோட்டை, கண்ணாடிக் கல் பதித்த கிரீடம், எந்தப் பூகோளத்திலும் அகப்படாத நாடு, எந்த நூற்றாண்டுக்கும் பொருந்தாத உடை - இவற்றைப் பட்டியல் போட்டுச் சிரித்துவிட்டு, நம் ரசனையின் உயரத்தை நாமே அளந்துகொள்கிற விமர்சனம் எனக்கு அலுத்துவிட்டது. உடையைச் சிற்பம் பார்த்துத் தைத்து, கோட்டையைக் கல்லாலேயே கட்டிவிட்டால், ஒரு படம் அதிகாரத்தைப் பற்றி உண்மை பேசிவிடுமா? உடை சரியாக இருந்து, உள்ளே பொய் பத்திரமாக இருக்கலாம். அட்டைக் கோட்டைக்குள் ஓர் உண்மை வழிதவறி வந்து உட்கார்ந்திருக்கவும் கூடும்.

அப்படி வழிதவறி வந்த ஓர் உண்மையைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அரசனைப் போலவே முகமுள்ள இன்னொருவன் அரசனின் இடத்தில் உட்காருகிறான் என்ற கதை. சினிமா இந்தக் கதையை விடாமல் சொல்லி வந்திருக்கிறது. ஆள்மாறாட்டத்தில் இருக்கும் சுவாரஸ்யம்தான் காரணம் என்று விட்டுவிடலாம். எனக்கு அது போதவில்லை. இந்தக் கதை தன்னையறியாமலே ஒன்றை ஒப்புக்கொள்கிறது. முகம் ஒத்துப்போனால் போதும், மந்திரி வணங்குவான், படை நகரும், கஜானா திறக்கும் என்றால், இத்தனை நாளும் ஆண்டது யார்? பிறப்பா, வீரமா, தெய்வ அருளா? எதுவுமில்லை. ஓர் இருக்கையும் அதைப் பார்த்துக் குனியப் பழகிய முதுகுகளும். அரசாட்சியைப் பற்றி இதைவிடக் கலகத்தனமான அறிவு இருக்கமுடியாது. அந்த அறிவைக் கைக்கு எட்டவைத்த ஒரு படம் அதை என்ன செய்கிறது என்பதே என் கேள்வி. இது அழகியல் கேள்வியைவிடத் தார்மிகக் கேள்வி என்று நினைக்கிறேன்.

தமிழில் இந்தக் கதையின் வயது பேசும் படத்தின் வயதுக்கு அதிகம் குறைந்ததல்ல. 1940ல் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘உத்தமபுத்திரன்’ பி.யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் காட்டியது. டூமாவின் இரும்பு முகமூடிக் கதை அது. 1958ல் அதே பெயரில், சிவாஜி கணேசனோடு, மறுபடியும் வந்தது. அதே 1958 ஆகஸ்டில் எம்.ஜி. ராமச்சந்திரன் தானே தயாரித்து, முதல் தடவையாக இயக்கி, மன்னனாகவும் நாடோடியாகவும் நடித்த ‘நாடோடி மன்னன்’. இந்த ஆண்டைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். புதுக்கோட்டை சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது 1948ல். அதே ஆண்டில் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம். 1952ல் முதல் பொதுத்தேர்தல். ஆக, 1958ல் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்திருந்தவன் பத்து வருஷத்துக்கு முன்புவரை யாரோ ஒருவருடைய பிரஜை. இப்போது அவன் கையில் ஓட்டு. ஆனால் முதுகு பழைய முதுகு. நிஜத்தில் அரியணைகள் காலியான பிறகுதான் திரையில் இத்தனை அரியணைகள் முளைத்தன என்பது தற்செயல் இல்லை.

இரண்டு படங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்கவேண்டும். ‘உத்தமபுத்திர’னில் இருவரும் இரட்டைப் பிள்ளைகள். கெட்ட சகோதரனிடமிருந்து நல்ல சகோதரனுக்குப் போகிறது நாடு; ரத்தம் மாறவில்லை. மக்கள் கொண்டாடுவது ஓர் அரசகுமாரனுக்குப் பதில் இன்னோர் அரசகுமாரனை. ‘நாடோடி மன்ன’னின் மூலம் ஆன்டனி ஹோப் 1894ல் எழுதிய ‘ஸெண்டாவின் கைதி’. அதிலும்கூட முகச்சாயலுக்குக் காரணம், எப்போதோ அரச குடும்பத்திலிருந்து திருட்டுத்தனமாகக் கலந்த ரத்தம்தான். வேலை முடிந்ததும் அந்த ஆங்கிலக் கனவான் அரசனிடம் அரசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காதலித்தவளையும் விட்டுவிட்டு, கௌரவமாக ஊர் திரும்புகிறான். தமிழ்ப் படம் அந்த ரத்தத்தை வெட்டி எறிந்தது. வீராங்கன் மன்னனுக்கு உறவில்லை; மன்னராட்சியையே எதிர்க்கும் கலகக்காரன்; சிறைக்குப் போனவன். மூலத்தைவிட ஓர் அடி முன்னே வைத்த இந்தத் துணிச்சலை அட்டைக் கோட்டையைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் பார்ப்பதில்லை. எந்த ரத்த உறவும் இல்லாத ஒருவன் முகம் ஒத்திருப்பதால் மட்டும் அரசனாக முடியும் என்றால், அரசன் என்று ஒரு பொருளே இல்லை.

இவ்வளவு தூரம் வந்த படம் பிறகு என்ன செய்கிறது? கலகக்காரன் அரியணையில் அமர்ந்தவுடன் ஏழைகளுக்காகச் சட்டங்கள் பிறக்கின்றன. அவனே அறிவிக்கிறான், சபை கேட்கிறது. அவை நல்ல சட்டங்களா என்பது இங்கே விஷயம் இல்லை. நல்லவையே. கலகம் எப்படி ஜெயித்தது என்பதே விஷயம். சிறையிலிருந்த தோழர்களால் அல்ல, வெளியே காத்திருந்த ஜனத்தாலும் அல்ல, ஒரு முகச்சாயலால். மக்கள் கேட்டது கிடைத்தது. கிடைத்த விதத்தில் மக்களுக்கு வேலையில்லை. அவர்கள் பாக்கிக் கதைக்கும் கூட்டமாகவே நிற்கிறார்கள். முன்பு பயந்து குனிந்தார்கள், இப்போது அன்போடு குனிகிறார்கள். அரியணை காலி என்று ஒரு கணம் காட்டிய படம், அடுத்த கணமே அதில் நமக்குப் பிரியமான ஒருவனை உட்கார்த்தி, காலியிடத்தை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. மக்களாட்சி பற்றி அந்தப் படம் பேசும் ஒவ்வொரு சொல்லையும், மன்னனின் முகம் உள்ள ஒருவனே பேசவேண்டியிருக்கிறது.

இரட்டை வேடம் என்ற உத்தியே இதற்குத் துணைபோகிறது. படச்சட்டத்தின் பாதியை மறைத்து, ஒரே பிலிமில் இரண்டு தடவை படமெடுத்து, ஒரே நடிகனை எதிரெதிரே நிறுத்தும்போது கொட்டகை கைதட்டுகிறது. அந்தக் கைதட்டல் மன்னனுக்கும் இல்லை, நாடோடிக்கும் இல்லை. இருவரையும் உள்ளடக்கிய மூன்றாவது ஆளுக்கு. அதாவது நட்சத்திரத்துக்கு. கதைக்குள் காலியான அரியணை கதைக்கு வெளியே நிரம்பிவிடுகிறது. படத் தயாரிப்பு நிறுவனத்தின் சின்னத்தில் ஓர் ஆணும் பெண்ணும் தி.மு.க. கொடியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எங்கே நிரம்பவேண்டும் என்பதில் ரகசியம் எதுவும் வைக்கப்படவில்லை. 1977ல் அவர் முதலமைச்சரானார். 1987 டிசம்பரில் இறக்கும்வரை, 1980ல் சில மாதங்கள் தவிர, அந்த நாற்காலியில் இருந்தார்.

சினிமா மோகத்தில் மயங்கிய பாமரர்கள் என்று இதைச் சொல்லி முடித்துவிடுவது நம் வட்டத்துக்குப் பழக்கமான சௌகரியம். எனக்கு அதில் சம்மதமில்லை. இதற்கு எதிராக ஒரு வாதம் இருக்கிறது, பலமான வாதம். பசித்தவனுக்கு வேண்டியது நல்ல அரசன். அரியணை என்பது என்ன என்ற விசாரம், சாப்பிட்டுவிட்டுப் பத்திரிகை படிக்கிறவனுக்கு உரியது. வரி குறைந்தால் அது நிஜமான குறைவு. குறைத்தவனுக்குத் தகுதி எங்கிருந்து வந்தது என்று கேட்டு அரிசி வேகாது. மேலும், எப்போதும் பிரபுக்களின் முகமாகவே இருந்த அதிகாரத்தில், தன் பக்கத்து மனிதன் என்று தான் நம்புகிற ஒருவனின் முகத்தைப் பார்க்க ஆசைப்படுவது அடிமைப் புத்தி மட்டுமில்லை. அதில் சுயமரியாதையின் ஒரு துடிப்பும் உண்டு. இவ்வளவையும் ஏற்றுக்கொள்கிறேன். ஏற்றுக்கொண்ட பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. நல்லவன் உட்கார்ந்தால் போதும் என்ற கலகம், அவன் நல்லவனாக இல்லாமல் போகும் நாளுக்கு எந்த ஏற்பாடும் செய்துவைப்பதில்லை. அன்று மறுபடியும் ஒரு சாயலுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். 2006ல் வடிவேலு நடித்து இந்தப் படங்களையே கேலி செய்த ‘இம்சை அரசன் 23ம் புலிகேசி’யில்கூட, மூட அரசனைப் பார்த்துச் சிரிக்கலாம், அரியணையைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. அங்கேயும் புரட்சிக்கார இரட்டை உள்ளே நுழைந்தால்தான் விமோசனம்.

*

அரசனுக்கு வெளியே ஒரு இரட்டையைத் தேடவேண்டியதில்லை. அரசன் என்பவனே தனக்குத் தானே தயாரித்துக்கொண்ட இரட்டை என்று காட்டிய படம் ரோபெர்ட்டோ ரொஸெலினியுடையது. 1966ல் பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்காக எடுத்த ‘பதினாலாம் லூயி அதிகாரத்தைக் கைப்பற்றியது’. 1661 மார்ச்சில் மந்திரி மஸரன் சாகிறார். இருபத்திரண்டு வயது லூயி இனி தானே ஆள்வேன் என்கிறான். சபையில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவன் குழந்தையாக இருந்தபோது பிரபுக்கள் செய்த கலகம் அவன் எலும்பில் இருக்கிறது. அதே செப்டம்பரில் நிதி அதிகாரி ஃபூகேயைக் கைது செய்கிறான். நம் படங்களானால் இங்கே கத்திச் சண்டை வந்திருக்கும். ரொஸெலினியிடம் வருவது தையற்காரன். எவ்வளவு ரிப்பன், எவ்வளவு லேஸ், பொய்மயிர் எவ்வளவு உயரம் என்று அரசன் தீர்மானிக்கிறான். அந்த உடையை அணிந்தால்தான் பிரபு என்றால், அதை வாங்கிக் கட்டுப்படியாகாமல் பிரபுக்கள் அரசன் கையை எதிர்பார்க்கவேண்டும். பிறகு சாப்பாடு. அரசன் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறான், அரசவை முழுவதும் நின்று பார்க்கிறது. சமையலறையிலிருந்து தட்டு வருகிற வழியெல்லாம் மரியாதை. கலகம் செய்யக்கூடிய ஒரு வர்க்கம் எப்படித் தட்டு ஏந்தும் வர்க்கமாகியது என்பதை ஒரு சொட்டு ரத்தமில்லாமல் காட்டிவிடுகிறார்.

லூயியாக நடித்த ழான்-மாரி பாத் தொழில்முறை நடிகர் அல்ல. குட்டையான, பருத்த மனிதர். வசனம் மனப்பாடமாகவில்லை; காமிராவுக்குப் பக்கத்தில் பலகையில் எழுதிவைத்ததைப் பார்த்துப் படித்தார். அதனால் எதிரே நிற்பவரை அவர் பார்ப்பதில்லை. பார்வை எங்கோ இருக்கிறது. அதுவே ராஜபார்வையாகிவிட்டது. இதைவிடப் பொருத்தமான விபத்து கலையில் அபூர்வம். அரசன் என்பவன் எழுதிவைத்ததைப் படிக்கிறவன். கடைசிக் காட்சியில் தனியறையில் ஒவ்வொரு ஆடையாகக் கழற்றுகிறான். கையுறை, வாள், பொய்மயிர். எஞ்சுவது ஒரு சின்ன மனிதன், லா ரோஷ்ஃபூக்கோவின் நூலில் சூரியனையும் மரணத்தையும் பற்றிய ஒரு வரியைப் படித்துக்கொண்டு. அரியணையில் ஆள் இல்லை என்று ‘நாடோடி மன்னன்’ மறைத்த இடத்தில் ரொஸெலினி விளக்கை ஏற்றிவைக்கிறார். ஆனாலும் இந்தப் படத்தின் குளிர்ச்சி எனக்குப் போதவில்லை. இந்த வெறுமைக்கு விலை கொடுத்தவன் யார் என்று அது கேட்பதில்லை. அரண்மனைச் சுவருக்கு வெளியே அது போவதில்லை.

போனது அகிரா குரோஸாவாவின் ‘காகெமூஷா’. 1980ல் வந்தது, அந்த ஆண்டு கான் விழாவின் முதல் பரிசை இன்னொரு படத்தோடு பங்கிட்டுக்கொண்டது. காகெமூஷா என்றால் நிழல் வீரன். தொடக்கத்தில் நெடுநேரம் காமிரா அசைவதில்லை. ஒரே உடையில் ஒரே முகமுள்ள மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். குறுநில மன்னன் டாகெடா ஷிங்கென். அவனுக்கு இதுவரை பதிலாளாக இருந்துவந்த தம்பி நொபுகாடோ. சிலுவையில் அறையப்படவிருந்து, முகச்சாயலுக்காகத் தம்பியால் காப்பாற்றப்பட்ட ஒரு திருடன். திருடனை அற்பன் என்கிறான் அரசன். நானோ சில்லறைக் காசு திருடியவன், எத்தனையோ பேரைக் கொன்று நாடு நாடாகத் திருடியவரா என்னைத் திருடன் என்பது என்கிறான் அவன். ஷிங்கென் கோபப்படவில்லை. தந்தையை நாடு கடத்தியதையும் மகனைக் கொன்றதையும் ஒப்புக்கொள்கிறான். இந்த நாட்டை ஒரு குடைக்கீழ்க் கொண்டுவர எதையும் செய்வேன் என்கிறான். ஆறு நிமிஷத்தில் நம் கேள்வி முழுவதும் மேடைக்கு வந்துவிடுகிறது. நல்லவன் - கெட்டவன் என்ற பிரிவு இந்த இரட்டைக்கு இல்லை. ஒருவன் பெரிய திருடன், மற்றவன் சின்னத் திருடன்.

1573ல் ஷிங்கென் குண்டடிபட்டுச் சாகிறான். சாவை மூன்று வருஷம் வெளியே சொல்லாதே என்பது அவன் கட்டளை. பிணத்தைப் பெரிய சாடியில் வைத்து மூடியிருக்கிறார்கள். புதையல் என்று நினைத்து இரவில் அதை உடைக்கும் திருடன் உள்ளே காண்பது தன் முகத்தையே. தமிழ்ப் படங்களில் இரட்டையர் சந்திக்கும்போது கொட்டகை கைதட்டிய இடத்துக்கு இது நேரான இடம். இங்கே கைதட்ட முடியாது. அரசாங்கத்தின் கருவூலத்தை உடைத்தவனுக்குக் கிடைப்பது ஒரு செத்த முகம். அது தன் முகம். பிறகு அந்தச் சாடியை ஸுவா ஏரியில் இறக்குகிறார்கள். ஏரித் தெய்வத்துக்கு மதுக் காணிக்கை என்று ஊருக்குச் சொல்கிறார்கள். ஏன் என்று விளங்காமலே திருடன் மனம் அந்தப் பிணத்தின் பக்கம் சாய்கிறது. செத்தவனுக்கு உதவவேண்டும் என்று தோன்றுகிறது. கூலிக்கு நிழலானவன் விரும்பி நிழலாகிறான்.

இந்த நிழலின் தலையில் குரோஸாவா எந்த நல்ல சட்டத்தையும் வைக்கவில்லை. அவன் செய்யவேண்டியது ஒன்றே. அசையாமல் உட்கார்ந்திருப்பது. டாகெடா கொடியில் ஸுன் ஸுவின் போர் நூலிலிருந்து எடுத்த காற்று, காடு, நெருப்பு, மலை நான்கும் உண்டு, ஷிங்கென்தான் மலை. சபையில் மகன் கட்ஸுயோரி, வேண்டுமென்றே, திருடனிடம் முடிவு கேட்கிறான். தந்தையால் வாரிசாகவும் ஏற்கப்படாமல், இப்போது ஒரு திருடனை வணங்கவேண்டிய நிலையிலிருக்கும் மகனின் வயிற்றெரிச்சல் அது. மலை அசையாது, யாரும் அசையவேண்டாம் என்கிறான் திருடன். சபை அடங்குகிறது. எழுதிக்கொடுத்த வசனத்தில் இல்லாததைப் பேசி அவன் அரசனாகும் கணம் அது. இங்கே படம் நம்மைக் கைதட்டத் தூண்டுகிறது என்று நினைத்தால், அடுத்து வருவது இரவுப் போர்.

அந்தப் போர்தான் எனக்கு முக்கியம். குன்றின்மேல் திருடன் உட்கார்ந்திருக்கிறான். இருட்டிலிருந்து குண்டுகள் வருகின்றன. காவல் வீரர்கள் தங்கள் உடம்பைச் சுவராக்கி அவன்மேல் விழாமல் தடுத்து விழுகிறார்கள். அவன் எழுந்திருக்கக்கூடாது, மலை அசையாது. விழுந்தவர்களில் உண்மை தெரிந்தவன் யார், தெரியாதவன் யார் என்பது அந்த இருட்டில் பிரித்துப் பார்க்கக்கூடியதில்லை. தெரியாமல் செத்தவன் ஏமாந்தவனா? அப்படியானால் அசல் ஷிங்கெனுக்காகச் செத்திருந்தால் அந்த மரணத்துக்கு அர்த்தம் கூடியிருக்குமா? பெரிய திருடனுக்காகச் செத்தால் தியாகம், சின்னத் திருடனுக்காகச் செத்தால் விரயம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. தெரிந்தே செத்தவன் இன்னும் கடினமான புதிர். ஆள் இல்லை என்று அறிந்தும் அவன் இடத்தைக் காத்தான். அவனிடம் இருப்பது விசுவாசமா, பழக்கமா, அல்லது எல்லாரும் ஒரே நேரத்தில் நம்புவதை நிறுத்திவிட்டால் என்ன மிஞ்சும் என்ற திகிலா? அரசனும் கலகமும் பற்றி எத்தனையோ படம் பார்த்தோம். இந்தச் சவங்களை எண்ணுவதற்காக நம்மை நிறுத்திவைத்த படங்கள் குறைவு. அந்தச் சவங்களைப் பார்க்கிறான் திருடன். அவன் முகத்தில் அப்போது அரசன் இல்லை.

மற்றதைச் சுருக்கிச் சொல்லலாம். ஷிங்கெனின் குதிரையில் ஏறுகிறான், குதிரை தள்ளிவிடுகிறது. விழுந்தவனின் உடம்பில் இருக்கவேண்டிய தழும்பு இல்லை என்று அந்தப்புரப் பெண்கள் காண்கிறார்கள். முதுகுகள் ஏமாந்தன, மிருகம் ஏமாறவில்லை. மழையில், கல்லடிபட்டு, வெளியே துரத்தப்படுகிறான். கட்ஸுயோரி படை நடத்திப் போகிறான். 1575, நாகாஷினோ. ஓடா நொபுனாகாவின் துப்பாக்கி வரிசையை நோக்கிக் காற்றும் காடும் நெருப்பும் அலையலையாகப் பாய்கின்றன. அவை விழுவதைக் குரோஸாவா காட்டுவதில்லை. வேட்டுச் சத்தம் கேட்கிறது, பார்க்கிறவர்களின் முகம் தெரிகிறது. பிறகு துடிக்கும் குதிரைகள். சரித்திரத்தில் கட்ஸுயோரி இதற்குப் பின்னும் ஏழு வருஷம் தாக்குப்பிடித்து 1582ல்தான் அழிந்தான். படத்துக்கு அந்த ஏழு வருஷம் தேவைப்படவில்லை. புல்லுக்குள் ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்த திருடன், இனி யாருக்கும் நிழலாக இருக்கவேண்டிய அவசியம் இல்லாதவன், ஈட்டியை எடுத்துக்கொண்டு துப்பாக்கிகளை நோக்கி ஓடுகிறான். ஆற்றில் மிதக்கும் கொடியை நோக்கிப் போகும் அவனை நீர் அடித்துக்கொண்டு போகிறது.

இவனுடைய ஓட்டத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லலாம். அடிமைத்தனத்தின் உச்சம் என்றும் சொல்லலாம். எனக்கு இவனைப் பரதனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. காலி அரியணையைப் பற்றி நம் மரபுக்குள்ளேயே இருக்கும் ஆழமான படிமம் பாதுகை. பதினான்கு வருஷம் ஒரு ஜோடிச் செருப்பு கோசலத்தை ஆண்டது. அதற்கு முகச்சாயல்கூடத் தேவைப்படவில்லை. அரசாள ஆள் வேண்டாம், இடம் போதும் என்ற அறிவு பரதனுக்கு இருந்தது; அவன் அந்த இடத்தில் தான் உட்காராமல் காத்தான். நந்திக்கிராமத்தில் இருந்துகொண்டு அயோத்திக்குள் நுழையாமல், தான் பதிலாள் என்பதை ஒரு நாளும் மறக்காமல் இருந்தான். தவணை முடிந்து அண்ணன் வரத் தாமதித்தபோது நெருப்பில் இறங்கப் போனான். ஆனால் அவனைத் தடுக்க அனுமன் வந்தான். உரியவன் பின்னாலேயே வந்தான். காப்பியத்துக்குக் காலியிடம் தற்காலிகம். திருடனுக்கு அனுமன் இல்லை. ஏரிக்கடியில் இருக்கும் சாடியிலிருந்து யாரும் எழுந்து வரப்போவதில்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கிறது நம் காலம். உரியவன் என்று யாரும் இல்லை என்று நமக்குத் தெரியும்; அது தெரிந்தபிறகும் பரதனாக இருப்பது எப்படி என்று தெரியாது.

மக்களாட்சி என்று நாம் சொல்வது, என் புரிதலில், பதிலாட்கள் மட்டுமே உள்ள ஆட்சி. நாற்காலியில் இருக்கிற ஒவ்வொருவரும் தவணைக்கு உட்கார்ந்தவர், நிழல். இதை அவர்கள் மறப்பது ஆச்சரியமில்லை, நாம் மறப்பதுதான் ஆபத்து. நிழலைப் பார்த்து அசல் என்று பரவசப்படும்போது நாமே அவனுக்குக் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம். குதிரை தள்ளிவிட்டால் கல்லெறியவும் நாமே முதலில் குனிகிறோம். அந்தப் பரவசமும் அந்தக் கல்லும் ஒரே கையிலிருந்து வருகின்றன. அரசனை எதிர்த்த கலகம் என்று திரையில் நாம் எத்தனையோ தடவை பார்த்தது பெரும்பாலும் இந்தக் கையின் இரண்டு அசைவுகளைத்தான்.

கலகம் என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டானால், அது அந்தக் குன்றின்மேல் தொடங்கவேண்டும் என்று நினைக்கிறேன். உட்கார்ந்திருக்கிறவன் யார் என்ற கேள்வியை ஒரு நாழிகை தள்ளிவைத்துவிட்டு, அவனைச் சுற்றி விழுந்துகிடக்கிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிற வேலை. அவற்றில் எதுவும் யாருடைய சாயலிலும் இல்லை.